காகிதத்தின் வெள்ளை: நிலக்காட்சி வரையக் கற்றல் பற்றிச் சில குறிப்புகள்

ஓவியம் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டவை பெரும்பாலும் முடிந்துபோன படத்தின் முன்னால் நின்றுகொண்டு எழுதப்பட்டவை. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டிய பிறகு விமர்சகர் வருகிறார். படிமம் பார்க்கிறார், குறியீடு பார்க்கிறார், கொஞ்ச காலமாக அதிகாரமும் பார்க்கிறார். அந்தப் படத்தைப் போட்ட கை எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை. கருத்தியல் உள்ளடக்கத்தில்தான் இருக்கிறது என்ற பழைய முற்போக்கு நம்பிக்கை நம்மை இன்னும் முழுதாக விட்டுப் போகவில்லை. என் அனுபவம் வேறு. சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஓவிய ஆசிரியரோடு கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் வாட்டர்கலர் கற்றுக்கொள்கிறேன். பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. போகப்போக அது ஒரு விமர்சனப் பிரச்சினையாகிவிட்டது. படத்துக்குள் அரசியல் வருவதற்கு முன்பே பயிற்சிக்குள் அது வந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதல் பாடம் வெள்ளை. எண்ணெய் வண்ணத்தில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரலாம்; தவறினால் மேலே வெள்ளையைப் பூசித் திருத்தலாம். நீர்வண்ணத்தில் அந்த வசதி இல்லை. இதில் வண்ணப் படலத்தை ஒளி ஊடுருவிப் போய்க் காகிதத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. படம் மினுங்குவது அதனால்தான். ஆகவே வெளிச்சம் என்பது காகிதமேதான். வெளிறலில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும், வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும். (பெட்டியில் வெள்ளைக் குழாய் ஒன்றும் இருக்கிறது. சுத்த நீர்வண்ணக்காரர்கள் அதைத் தொடுவதைக் குடும்ப கௌரவத்துக்கு இழுக்காக நினைப்பார்கள்.) ஆசிரியர் சொல்லுவார்: "தம்பி, வரையறது பெருசில்ல. எத விடறோம்னு தெரியணும். விட்டுட்டா எப்ப வேணா போட்டுக்கலாம். போட்டுட்டா விட முடியாது."

தொழில்நுட்ப அளவில் இது முழுக்கச் சரி. ஆனால் எதை விடுவது என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்தில் பதில் கிடையாது. பதில் வேறு எங்கிருந்தோ வருகிறது. வந்து தொழில்நுட்பத்தின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் நான் விடக் கற்றுக்கொண்டவை இவை: மின்கம்பம், கம்பிகள், செல்போன் கோபுரம், டிஷ் ஆன்டெனா, ஃப்ளெக்ஸ் போர்டு, கட்சிக் கொடிக்கம்பங்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆசிரியர் ஒரே வார்த்தை வைத்திருந்தார்: 'டிஸ்டர்பன்ஸ்'.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டெல்டாவில் ஓர் ஊரை நோக்கி பஸ்ஸில் வரும்போது தூரத்திலிருந்தே கண்ணில் படும் உயரமான பொருள்களில் கோபுரமும் தொட்டியும் முக்கியமானவை. கான்கிரீட் கால்கள், மேலே உருண்டையாக ஒரு வயிறு, பக்கத்தில் இரும்பு ஏணி, வயிற்றில் கொள்ளளவும் திட்டத்தின் பெயரும் ஆண்டும். கோபுரத்தை நிழலும் புறாவும் சேர்த்து வரைகிறோம். தொட்டியை விட்டுவிடுகிறோம். பல ஊர்களில் ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி. யாருடைய தண்ணீரை யார் தொடுவது என்ற நெடுங்காலத்துச் சண்டைக்குச் சிமெண்டில் கட்டி வைத்த சமாதானம் அது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது அந்தத் தொட்டியின் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தின் இவ்வளவு பழக்கமான உருவத்தை அதுவரை ஒரு நீர்வண்ணப் படத்திலும் நான் பார்த்ததில்லை. நான் போட்டு வைத்திருந்த நாற்பது ஐம்பது தாள்களிலும் அது இல்லை. அவற்றில் சில தாள்களுக்காக நான் உட்கார்ந்திருந்ததே தொட்டி நிழலில்தான்.

இப்படிப் பார்க்கிற கண் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேய நீர்வண்ணத்தின் தந்தை என்று கலை வரலாறுகள் கொண்டாடும் பால் சாண்ட்பி தன் தொழிலைத் தொடங்கியது ராணுவ நில அளவையில். 1745இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிறகு அதன் மலைநாட்டை அளக்கப் போன குழுவில் அவர் வரைபடக்காரர். 1768இலிருந்து வூல்விச் ராணுவக் கழகத்தில் ஓவிய ஆசிரியர். கிழக்கிந்தியக் கம்பெனி 1809இல் அடிஸ்கோம்பில் தன் ராணுவ மாணவர்களுக்கென்று கல்லூரி தொடங்கியபோது அங்கும் வரைதல் ஒரு பாடம். காரணம் எளிது. பெட்டி சின்னது, சீக்கிரம் காயும், காகிதத்தைச் சுருட்டிக்கொள்ளலாம். குதிரையில் போகிறவனுக்குத் தோதான சாமான். கோட்டை எந்தக் குன்றில் இருக்கிறது, ஆற்றை எங்கே கடக்கலாம் என்று குறிக்கப் பழகிய கைதான் ஓய்வு நேரத்தில் அதே குன்றை அழகாகவும் போட்டது.

தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை வில்லியமும் 1792–93இல் தெற்கே வந்தார்கள். மைசூரோடு நடந்த மூன்றாவது போர் அப்போதுதான் முடிந்திருந்தது. பாபநாசத்து அருவியையும் களக்காட்டுப் பக்கத்து மலைகளையும் எழுதிக்கொண்டு போனார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் அவர்கள் எழுதியவை 1795க்கும் 1808க்கும் இடையில் லண்டனில் 144 அச்சுப் படங்களாக வெளிவந்தன. அதே ஆண்டுகளுக்குள்தான், 1799இல், கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். படத்தில் அருவி விழுந்துகொண்டிருக்கிறது, மரங்கள் அசைகின்றன, ஆட்கள் அளவு காட்டுவதற்கு நிற்கிறார்கள்.

இன்னொரு பக்கம் தஞ்சாவூர். அதுவரை சாமிப் படம் எழுதிவந்த மரபைச் சேர்ந்த ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக நீர்வண்ணத்தில் சாதி ஆல்பங்கள் எழுதினார்கள். தாளுக்கு ஒரு கணவன் மனைவி, கையில் தொழில் கருவி, கூடவே சாதியின் பெயர். பின்னால் நிலம் என்று பார்த்தால் ஒரு பட்டை மண், கொஞ்சம் புல், அவ்வளவுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கோப்பில் ஆள் பொட்டாகிப்போன நிலம்; இன்னொரு கோப்பில் நிலமில்லாத ஆட்கள். யார் எந்த நிலத்தில் யாருக்காக வேலை செய்கிறார் என்ற கேள்வி இரண்டு கோப்புக்கும் நடுவில் விழுந்து தொலைந்துபோகிறது.

இதை வைத்து நீர்வண்ணமே ஏகாதிபத்தியம் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். நம் சூழலில் அது சுலபம்; நானே அந்த மாதிரி எழுதியிருக்கிறேன். ஆனால் கத்துக்குட்டியாகத் தரையில் உட்கார்ந்தால் விஷயம் அவ்வளவு ஒழுங்காக இல்லை. இறக்குமதியான கை, இந்த வெயிலில் ஒவ்வொரு நிமிஷமும் தோற்றுக்கொண்டிருக்கிறது.

ஈரத்தின் மேல் ஈரம் என்று ஒரு முறை. தாளை நனைத்துவிட்டு அதன் மேல் வண்ணத்தை விட்டால் அது தானாகப் பரவும். மேகம், மூடுபனி, தூரத்து மரங்கள் எல்லாம் அப்படி வரும். ஈரக் காற்றுள்ள நாட்டில் எழுதிய கையேடு இந்த இடத்தில் நிதானமாக இருக்கச் சொல்கிறது. சித்திரை மாதம் அரசலாற்றுக் கரையில் உட்கார்ந்து அதைச் செய்தால், தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் தாள் காய்ந்து ஓரம் கத்தி மாதிரி நிற்கிறது. இதற்கு ஆசிரியர் கைவசம் சில வைத்தியங்கள் உண்டு: தாளின் பின்பக்கத்தையும் நனைப்பது, தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் விடுவது, பலகையைக் குடை நிழலில் வைப்பது. எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம், காலை ஆறு மணிக்கு வந்து ஒன்பதுக்குள் மூட்டை கட்டிவிடுவது. ஆகவே எங்கள் படங்களில் எப்போதும் காலை, எப்போதும் நீண்ட நிழல். நடவாட்கள் வயலில் உச்சி வெயிலைச் சுமக்கிற நேரத்தில் நாங்கள் டீக்கடையில் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

தூரமும் அப்படித்தான். தூரம் என்றால் நீலம், வெளிறல் என்று பாடம். மலையடி ஊர்களில் அது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. கோடையில் டெல்டாச் சமவெளியில் தூரம் நீலமாவதில்லை. புழுதியும் வெக்கையும் சேர்ந்து சாம்பலும் மஞ்சளுமாக, வெந்தது மாதிரி வெளுத்துப் போகிறது. நான் மூன்று மாதம் இல்லாத நீலத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் தப்பென்று சொல்லவில்லை. "டெப்த் வந்திருக்கு" என்றார்கள்.

அடுத்தது கறுப்பு. "கறுப்பத் தொடாத தம்பி, படம் செத்துப்போயிரும்." பெட்டியிலேயே கறுப்புக் கட்டியை எடுத்துவிட்டு அந்தக் குழியில் வேறு நிறம் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். மனப்பதிவுவாதிகள் பரப்பிய நம்பிக்கை இது. கறுப்பு மற்ற நிறங்களோடு கலந்தால் அவற்றின் ஒளியை மங்கடிக்கும் என்ற அளவில் இதற்கு நியாயமும் இருக்கிறது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து வருகிற இருட்டு உயிரோடு இருக்கும். ஆனால் பெரியாரின் தொண்டர்கள் கறுப்புச் சட்டை போட்டு நடந்த மண்ணில், கறுத்த மனிதர்களை வரைய உட்கார்ந்துகொண்டு, கறுப்பை ஒரு விபத்து மாதிரி விலக்கி வைப்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நாங்கள் பள்ளியில் வாங்கிய வண்ணப் பெட்டிகளில் 'ஃபிளெஷ் டின்ட்' என்று இளஞ்சிவப்பில் ஒரு குழாய் வரும். அது யாருடைய தோல் என்று அப்போது கேட்கவில்லை.

எனக்கு மிகவும் தொந்தரவு தந்த பாடம் சிவப்பு. வயல் முழுக்கப் பச்சை. பச்சை மேல் பச்சையாகப் போட்டால் தாள் தூங்கிவிடும். அதற்கு எதிர் நிறமான சிவப்பில் ஒரு பொட்டு விழுந்தால் முழுப் பச்சையும் எழுந்து உட்காரும். நிறச் சக்கரம் படித்த யாரும் இதை மறுக்க முடியாது. அந்தச் சிவப்புப் பொட்டு யார் என்றால் நாற்று நடுகிற பெண். தலைக்கு ஒரு புள்ளி, வளைந்த முதுகுக்கு ஒரே இழுப்பு, காலுக்கு ஒன்றும் வேண்டாம், சேற்றில் கரைத்துவிடலாம். முகம் வைத்தால் 'கை தெரிஞ்சிரும்'. நாலு பொட்டு சம இடைவெளியில் வைக்கக் கூடாது, மூன்றும் ஒன்றுமாக வைக்க வேண்டும். நான் இதில் நன்றாகத் தேறிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நடவாள் போடுவேன். ஒரு நாள் அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான், வயலில் சேலையின் நிறம் சிவப்பே இல்லை என்பது தெரிந்தது. மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, எல்லோரும் வெளுத்துப்போன நீலத்திலும் பழுப்பிலும் இருந்தார்கள். சிவப்பு என் பச்சையின் தேவை. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது குனிந்த முதுகை மட்டும்தான்.

இந்தப் பச்சையில் சிவப்பு, கொடியாக நின்ற காலமும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அதைப் படமாக வரைந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சிவப்பை அலங்காரப் பொட்டாகப் போட என் கை கற்றுக்கொள்ள எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆறோ ஏழோதான்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் எழுந்து திணை என்பார். நமக்கு நிலம் வேறு மனிதர் வேறு அல்ல, முதலும் கருவும் உரியும் சேர்ந்ததுதான் காட்சி, நிலக்காட்சி என்பதே வெள்ளைக்காரன் சரக்கு என்பார். பாதி சரி. நிலத்தை மட்டும் தனியே உரித்தெடுத்து ரசிப்பது திணை மரபில் இல்லைதான். ஆனால் அந்த மரபுக்கும் ஒரு சட்டகம் இருந்தது. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆவதில்லை. அவர்களுக்கு உரியது அதற்குப் புறமான கைக்கிளையும் பெருந்திணையும்தான் என்று தொல்காப்பியத்துக்கு உரையாசிரியர்கள் பொருள் சொன்னார்கள். ஏவல் செய்கிறவளுக்குக் காதல் உண்டு, நிலம் அந்தக் காதலுக்காகப் பூப்பதில்லை. வெள்ளைக்காரன் வரும்வரை நாம் எல்லோரும் ஒரே நிலத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தோம் என்ற கதையை இனிமேல் யாரும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

சென்னை ஓவியர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்? கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் போட்டவை கேரளத்து நீர்வழிகளும் தென்னைகளும் நிறைந்த நீர்வண்ணங்கள், தேர்ந்த கை. 1960களில் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு வந்தபோது நிலம் போய்விட்டது. எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்கு, கோடு வந்துவிட்டன. 1966இல் சோழமண்டலம். ஐரோப்பியச் சட்டகத்திலிருந்து வெளியேறும் தேடல் என்று இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதன் தீவிரத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார் என்பதே என் எண்ணம். நிலக்காட்சியின் கண்ணை விடுவதற்காக நிலத்தையே விட்டாயிற்று. ஊரும் சேரியும் அதோடு சேர்ந்து போயின. காலியான அந்த இடத்தில் அக்கிரகாரத் தெருவும் தெப்பக்குளமும் காலண்டர் வழியாக உட்கார்ந்துகொண்டன. இன்றைக்கும் நீர்வண்ணம் கற்க வருகிற பையன்கள் முதலில் வரைவது அதைத்தான்.

அப்படியானால் சேரியை வரைந்துவிட்டால் சரியாகிவிடுமா என்றால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிதிலத்தைப் போல நீர்வண்ணத்துக்குப் பிடித்தது வேறில்லை. சொரசொரப்பான தாளின் மேல் உலர்ந்த தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தால் மண்சுவரின் காரை பெயர்ந்தது தானாக வரும். எவ்வளவு உடைந்த குடிசையோ அவ்வளவு நல்ல படம். அழகுக்குச் சிதைவு வேண்டும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் கில்பின் போன்றவர்கள் கொள்கையாக்கிவிட்டார்கள். அதே குடும்பம் அரசுத் தொகுப்பு வீட்டுக்கு, தட்டையான சிமெண்ட் கூரைக்கு, ஊதாவும் பச்சையுமாய் டிஸ்டம்பர் அடித்த சுவருக்குக் குடிபெயர்ந்தால் ஓவியர் வருத்தப்படுகிறார். "முன்னாடி எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா" என்று என்னிடம் ஒருவர் நிஜமாகவே சொன்னார். கூரை வீடாக இருந்தபோது மழைக்கு அது ஒழுகியிருக்கும் என்பது அவர் கவலையில் இல்லை.

போன மாசியில் ஒரு நாள் வகுப்பு கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தபோது நான் பலகையைத் தூக்கிக்கொண்டு காலனித் தெருவுக்குப் போனேன். வீரம் ஒன்றும் இல்லை. தொட்டி அங்கே இருந்தது. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "படம் வரையறவங்கதானே? கோயிலு அந்தப் பக்கமுல்ல இருக்கு. வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்லங்கய்யா, இந்தத் தொட்டிய வரையலாம்னு."

"தொட்டியவா?" அவர் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "யூனியன் ஆபீசுல அனுப்பிச்சாங்களா? மேல விரிசல் உட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்து ரெண்டு வருசமாச்சு."

அளக்க வருகிறவன்தான் வரைவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மேலே இரண்டு பத்தியில் எழுதிய வரலாறு அவருக்கு ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது.

குவளையில் தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "குடிக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று நின்றார். "கடையில சோடா வாங்கியாறச் சொல்லட்டா?"

"இல்லக்கா, பிரஷ் கழுவத்தான்."

"அதானே பாத்தேன்" என்று சிரித்துக்கொண்டே மொண்டு ஊற்றினார். குடிக்கவும் கேட்டிருக்கலாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தாகமும் இருந்தது. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் எதுவும் இதுவரை நிற்கவில்லை.

தொட்டி சுண்ணாம்பு வெள்ளை. பத்து மணி வானமும் வெள்ளை. வெள்ளைக்கு முன்னால் வெள்ளையைக் காட்ட நீர்வண்ணத்தில் ஒரே வழிதான்: தொட்டியின் உருவத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, வானத்தை இருப்பதைவிட இரண்டு படி அடர்த்தியாகப் போட வேண்டும். இத்தனை நாள் தொட்டியை விட்டுவிடப் பழகிய அதே கை, அதே விடுதல். பலகையைச் சாய்த்து, தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, மேலிருந்து வாஷை இறக்கிக்கொண்டு வந்தேன். தொட்டியின் வலது விளிம்பு சுத்தமாக நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வருவதற்குள் தாள் காய்ந்துவிட்டது. வானத்தின் நடுவில் விரிசல் மாதிரி ஒரு கோடு விழுந்தது. பெரியவர் வந்து பார்த்தார். "விரிசல் வானத்துல இல்லீங்க, தொட்டியில" என்றார்.

குளத்தங்கரைக்குத் திரும்பி ஆசிரியரிடம் காட்டினேன். நல்ல மனிதர், தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "வாஷ் பரவால்ல. இந்த எட்ஜ் மட்டும் உழுந்திருச்சு." பிறகு தொட்டியின் மேல் விரலை வைத்தார். "இது வெள்ளதானே தம்பி, விட்டதுதானே? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. மேல ஒரு தென்ன மரத்தப் போட்டா நின்னுரும்." தன் தூரிகையை நனைத்து, பச்சையில் தோய்த்து என் பக்கம் நீட்டினார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.